படுக்கையிலிருந்து பார்த்த கட்டடம்

டைபாய்டோ டெங்குவோ வந்து நாலு நாள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த யாரையாவது கேட்டுப் பாருங்க. டாக்டர் முகம் மறந்திருக்கும். தலைக்கு நேர் மேலே எரிந்த டியூப்லைட் மறந்திருக்காது. மல்லாந்து படுத்திருப்பவருக்கு உலகம்னா அது சீலிங்தான். அந்த வார்டை வரைந்தவரோ நின்றுகொண்டு, மேசைமேல் விரித்த பிளானை மேலிருந்து பார்த்து வரைந்திருப்பார். வரைந்தவர் கண்ணும் படுத்திருப்பவர் கண்ணும் சந்திப்பதே இல்லை.

ஏறக்குறைய நூறு வருஷத்துக்கு முன்னால் ஃபின்லாந்தில் ஒரு இளம் ஆர்க்கிடெக்ட், காசநோயாளிகளுக்கான ஒரு மருத்துவமனையை அந்தப் படுத்திருக்கும் கண்ணிலிருந்து வரைந்தார். அவர் பெயர் ஆல்வர் ஆல்டோ. ஆர்க்கிடெக்சர் படிக்கிறவங்களுக்கு முதல் வருஷத்திலேயே அறிமுகமாகிற பெயர். சிவில், மெக்கானிக்கல், ஐடி நண்பர்களுக்கும் இவர் கதை தெரிந்திருக்கணும். ஏன்னா இது கட்டடங்களோட கதை மட்டும் இல்லை. ஒரு பொருளை யாருக்காகச் செய்கிறோம்ங்கிற கேள்வியை ஒரு மனுஷன் ஐம்பது வருஷம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்த கதை.

வெள்ளை மேசைக்கு அடியில்

ஆல்டோ 1898 பிப்ரவரி 3ஆம் தேதி குவோர்தானே என்ற சின்ன ஊரில் பிறந்தார். அப்போது ஃபின்லாந்து தனி நாடு இல்லை. ரஷ்யப் பேரரசுக்குள் இருந்த ஒரு பகுதி. அப்பா நில அளவையாளர், நம்ம ஊர் சர்வேயர் மாதிரி. அவருடைய அலுவலகத்தில் ஒரு பெரிய வெள்ளை மேசை இருந்தது. அதன்மேல் காடுகள், ஏரிகள், சாலைகள் எல்லாம் வரைபடமாக விரிந்திருக்கும். குழந்தை ஆல்வர் முதலில் அந்த மேசைக்கு அடியில் தவழ்ந்தார். கொஞ்சம் வளர்ந்ததும் மேசைமேல் ஏறி வரைய ஆரம்பித்தார். அம்மாவின் அப்பா வனத்துறைக் கல்வியில் இருந்தவர். ஆக ஒரு பக்கம் அளவு, இன்னொரு பக்கம் காடு. இந்த இரண்டும் கடைசிவரை அவரை விடவே இல்லை.

எட்டு வயதில் அம்மா இறந்துபோனார். அம்மாவின் தங்கையே பிறகு அந்த வீட்டுக்கு அம்மாவாக வந்தார். குடும்பம் அப்போது யூவாஸ்கூலா என்ற ஊரில் இருந்தது. பள்ளிப்படிப்பு முடிந்து 1916இல் ஹெல்சின்கி தொழில்நுட்பக் கல்லூரியில் ஆர்க்கிடெக்சர் சேர்ந்தார்.

அடுத்த வருஷம் ரஷ்யாவில் புரட்சி. 1917 டிசம்பர் 6இல் ஃபின்லாந்து விடுதலையை அறிவித்தது. நாடு பிறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, 1918 ஜனவரியில் உள்நாட்டுப் போர் தொடங்கிவிட்டது. ஒரு பக்கம் தொழிலாளர்களின் சிவப்புப் படை, இன்னொரு பக்கம் அரசின் வெள்ளைப் படை. சில மாதங்களில் 30,000 பேருக்கும் மேல் இறந்தார்கள். அந்தச் சின்ன நாட்டுக்கு அது ஆறாத காயம். கல்லூரி மாணவராக இருந்த ஆல்டோவும் வெள்ளைப் படையில் சேர்ந்து சண்டையிட்டார். பிறகு திரும்பிவந்து 1921இல் படிப்பை முடித்தார்.

இதை ஏன் சொல்றேன்னா, அவருடைய தலைமுறைக்குக் கட்டடம் கட்டுவது வெறும் வேலை இல்லை. புதிதாகப் பிறந்து, பிறந்த உடனே இரண்டாகக் கிழிந்த ஒரு நாட்டை உருவாக்க வேண்டியிருந்தது. நூலகம், ஊர் மன்றம், ஆஸ்பத்திரி, தொழிலாளர் கூடம் எல்லாமே முதல்முறையாகத் தங்களுக்காகத் தாங்களே கட்டிக்கொள்கிற காலம் அது.

ஐனோ வந்த பிறகு

1923இல் யூவாஸ்கூலாவில் சொந்த அலுவலகம் திறந்தார். கொஞ்ச நாளில் ஐனோ மார்சியோ என்ற ஆர்க்கிடெக்ட் அங்கே வேலைக்கு வந்தார். ஆல்வரைவிட நாலு வயது மூத்தவர், ஒரு வருஷம் முன்னாடியே பட்டம் வாங்கியவர். 1924இல் இருவரும் கல்யாணம் செய்துகொண்டு தேன்நிலவுக்கு இத்தாலி போனார்கள். அங்கே பார்த்த மலையோர ஊர்களும், நடுவில் முற்றம் வைத்த கட்டடங்களும் ஆல்வர் மனதில் அப்படியே தங்கிவிட்டன.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லணும். ஆல்டோ என்ற பெயரில் 1949 வரை வந்த வேலைகளில் ஐனோவின் கை எங்கே முடிகிறது, ஆல்வரின் கை எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். உள்ளலங்காரம், மரச்சாமான், கண்ணாடிப் பொருள்கள் எல்லாவற்றிலும் ஐனோ தனித்தே பெயர் வாங்கியவர். புகழ் மட்டும் ரொம்ப நாள் ஒருவர் கணக்கில்தான் எழுதப்பட்டது.

1927இல் ஒரு பெரிய போட்டியில் ஜெயித்து, குடும்பம் துர்கு நகரத்துக்கு மாறியது. துர்கு கடலோர ஊர். ஸ்வீடனுக்குப் பக்கம். ஐரோப்பாவின் புதுக் காற்று அங்கேதான் முதலில் அடிக்கும். பழைய தூண், பழைய அலங்காரம் எதுவும் வேண்டாம், கான்கிரீட்டும் கண்ணாடியும் இரும்பும் போதும் என்று ஜெர்மனியிலும் பிரான்சிலும் இளம் கட்டடக்கலைஞர்கள் கிளம்பியிருந்த நேரம். வீடு என்பது மனிதன் வாழ்வதற்கான இயந்திரம் என்கிற எண்ணம் அப்போது ஃபேஷன். ஆல்டோவும் அந்த அலையில் குதித்தார். 1929இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் நடந்த நவீன கட்டடக்கலை மாநாட்டுக்கும் போய்வந்தார்.

பைமியோ

சானடோரியம்னு சொன்னா சென்னைப் பக்கம் இருக்கிறவங்களுக்கு உடனே ஞாபகம் வருவது தாம்பரத்துக்கு முந்தைய ரயில் நிறுத்தம். அந்தப் பெயர் அங்கே 1928இல் தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் வந்தது. அதே 1928இல்தான் துர்குவுக்குக் கிழக்கே பைமியோ என்ற ஊரில், பைன் மரக் காட்டுக்கு நடுவே ஒரு சானடோரியம் கட்டப் போட்டி அறிவித்தார்கள். சுற்றுவட்டார ஊராட்சிகள் பலவும் காசு போட்டுச் சேர்ந்து கட்டிய மருத்துவமனை அது. ஏன் அவ்வளவு அவசரம்? ஃபின்லாந்தில் அன்று காசநோய் அவ்வளவு பேரைக் கொன்றுகொண்டிருந்தது. அதிலும் இளைஞர்களை.

நோய்க்குக் காரணமான கிருமியை ராபர்ட் காக் 1882இலேயே கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அதைக் கொல்ல மருந்து இல்லை. கிருமி யார் என்று தெரியும், பிடிக்க வழி தெரியாது. அப்போது டாக்டர்கள் கையில் இருந்தது மூன்றுதான்: வெயில், சுத்தமான காற்று, முழு ஓய்வு. இந்த மூன்றையும் ஊசி வழியாகவோ மாத்திரை வழியாகவோ கொடுக்க முடியாது. கட்டடம் வழியாகத்தான் கொடுக்க முடியும். அதாவது மருந்து இல்லாத காலத்தில் ஆர்க்கிடெக்ட் எழுதியதுதான் பிரிஸ்கிரிப்ஷன்.

ஆல்டோ 1929 தொடக்கத்தில் அந்தப் போட்டியில் ஜெயித்தார். அப்போது அவருக்கு வயது 30, 31தான். 1933இல் கட்டடம் திறக்கப்பட்டது.

பிளானைப் பார்த்தால் முதலில் ஒன்று புரியும். கட்டடம் ஒரே பெட்டியாக இல்லை. நோயாளிகள் இருக்கும் பகுதி, எல்லோரும் கூடுகிற சாப்பாட்டுக் கூடமும் நூலகமும் உள்ள பகுதி, சமையல், கொதிகலன் என்று தனித்தனிச் சிறகுகள். ஒவ்வொன்றும் அதன் தேவைக்கேற்ற திசையைப் பார்த்துத் திரும்பியிருக்கும். நோயாளிகள் சிறகு ஒல்லியாக, நீளமாக, உயரமாக இருக்கும். அறைகள் எல்லாம் சூரியன் வரும் பக்கம், நடைபாதை பின்பக்கம். சிறகின் ஒரு முனையில் மாடிக்கு மாடி பால்கனிகள். உச்சியில் மொட்டைமாடி. ஃபின்லாந்துக் குளிரிலும் நோயாளிகளைக் கம்பளி போர்த்தி அங்கே படுக்கவைப்பார்கள், எதிரே பைன் காடு. படிக்கட்டின் தரை முழுக்க பளிச்சென்று மஞ்சள். வருஷத்தில் பாதி நாள் வெயிலே தலைகாட்டாத ஊரில், வெயிலின் நிறத்தையாவது உள்ளே கொண்டுவரலாம் என்று.

இதுவரை சொன்னது நல்ல ஆர்க்கிடெக்ட் எவரும் செய்யக்கூடியது. பைமியோவை உலகம் இன்றும் பேசுவது அறைக்குள் இருக்கும் விஷயங்களுக்காக.

இரண்டு கட்டில், ஒரு அறை

அந்தக் கட்டடத்தை வரைந்த நாள்களில் தனக்கும் உடம்பு சரியில்லாமல் படுத்திருக்க நேர்ந்தது என்று ஆல்டோ பின்னாளில் சொல்லிவந்தார். படுத்திருந்தபோது கண்ணைக் குத்திய விளக்குதான் அவரை யோசிக்க வைத்ததாம். அறை என்பது பொதுவாக நிற்கிறவருக்காகச் செய்யப்படுகிறது, படுத்திருப்பவருக்கு வேறு மாதிரி அறை வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. அதிலிருந்து வந்த முடிவுகளை வரிசையாகப் பாருங்க.

சீலிங்குக்கு வெள்ளை அடிக்கவில்லை. கண்ணுக்கு இதமான, மங்கலான அடர்நிறம் பூசினார். நாள் முழுக்க அதையே பார்க்கப்போகிறவர் கண் கூசக் கூடாது. விளக்கு படுத்திருப்பவர் பார்வையில் நேராக விழாத இடத்துக்குப் போனது.

அறையைச் சூடாக்கும் ஹீட்டர் பலகை சீலிங்கில் இருந்தது. ஆனால் அது தலைக்கு மேலே இல்லை, கால் பக்கம். தலை குளிர்ச்சியாக, பாதம் கதகதப்பாக இருக்க வேண்டும் என்பது கணக்கு.

ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி. வெளிக்காற்று நேராக நோயாளிமேல் அடிக்காமல், இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே சுற்றிக் கொஞ்சம் சூடேறி உள்ளே வரும். சுத்தமான காற்று வேண்டும், ஆனால் சளி பிடிக்கக் கூடாது. இரண்டுக்கும் ஒரே ஜன்னலில் பதில்.

எனக்கு ரொம்பப் பிடித்தது வாஷ்பேசின்தான். ஒரு அறையில் இரண்டு பேர். ராத்திரி ஒருத்தர் எழுந்து கை கழுவினால், தண்ணீர் பீங்கானில் விழும் சத்தத்தில் இன்னொருத்தர் தூக்கம் கலையும். இருமி இருமிக் களைத்து, அப்போதுதான் கண் அசந்திருப்பார். அதனால் தண்ணீர் பேசினில் செங்குத்தாக விழாமல் சாய்வாகச் சரிந்து இறங்கும்படி வடிவம் கொடுத்தார். சத்தம் வராது. ஆளுக்கு ஒரு பேசின். வேகமாக வரும் நீரை எந்தக் கோணத்தில் பரப்பில் இறக்கினால் தெறிக்காது என்பது ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் வகுப்புக் கேள்வி. பக்கத்துக் கட்டில்காரர் தூங்கட்டும் என்பதற்காக அதைக் கேட்டதுதான் விசேஷம்.

அலமாரி தரையில் நிற்காமல் சுவரோடு தூக்கி மாட்டப்பட்டிருந்தது, கீழே துடைக்க வசதியாக. கதவுக் கைப்பிடி, அவசரமாகப் போகிற டாக்டரின் கோட்டுக் கை அதில் மாட்டாதபடி வளைந்திருந்தது. அதாவது படுத்திருப்பவரை மட்டும் இல்லை, துடைக்கிறவரையும் ஓடுகிறவரையும் கூட நினைத்திருக்கிறார்கள்.

இதில் எதுவும் புரட்சிகரமான கண்டுபிடிப்பு இல்லை. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சின்ன விஷயம். ஆனால் ஒரு நோயாளி அங்கே மாதக்கணக்கில், சிலர் வருஷக்கணக்கில் படுத்திருந்தார்கள். பலர் வீடு திரும்பவே இல்லை. அவர்களுக்குக் கடைசியாகத் தெரிந்த உலகம் அந்த அறைதான். அந்தக் கணக்கில் சின்ன விஷயம் என்று எதுவும் இல்லை.

மூச்சு விட ஒரு நாற்காலி

அந்தக் காலத்து நவீன நாற்காலி என்றால் வளைத்த இரும்புக் குழாய். ஜெர்மனியிலிருந்து வந்த ஸ்டைல். ஆல்டோ வீட்டிலேயே அப்படி நாற்காலிகள் இருந்தன. ஆனால் இரும்பு குளிரில் சில்லிடும், வெளிச்சம் பட்டால் கண்ணைக் கூசும், தட்டினால் கணகணக்கும். உடம்பு முடியாத ஒருவர் தொடுவதற்கு அது சரியில்லை என்று அவருக்குப் பட்டது.

ஃபின்லாந்தில் கொட்டிக் கிடப்பது பர்ச் மரம். துர்குவில் மரச்சாமான் பட்டறை நடத்திவந்த ஒட்டோ கோர்ஹொனென் என்பவரோடு சேர்ந்து ஆல்வரும் ஐனோவும் பல வருஷம் பரிசோதனை செய்தார்கள். மெல்லிய மர ஏடுகளைப் பசை போட்டு அடுக்கி, அச்சில் வைத்து வளைப்பது. அப்படி வந்ததுதான் பைமியோ நாற்காலி. உட்காரும் பகுதியும் முதுகுப் பகுதியும் ஒரே பிளைவுட் ஏடு, சுருள் மாதிரி வளைந்து இரண்டு மர வளையங்களுக்கு நடுவே தொங்கும். முதுகுச் சாய்வு, நுரையீரல் நோயாளி மூச்சு விடச் சுலபமான கோணத்தில் இருக்கும்.

அடுத்து 1933இல் வந்தது எல் வடிவக் கால். முழு மரக்கட்டையின் ஒரு முனையில் நார் போகிற திசையிலேயே வரிசையாக ரம்பத்தால் அறுத்து, அந்தப் பிளவுகளில் மெல்லிய ஏடுகளைப் பசையோடு செருகி, அப்படியே 90 டிகிரி வளைத்துவிடுவது. வளைந்த இடம் பல ஏடுகளாகவும், மற்ற இடம் முழு மரமாகவும் இருக்கும். அந்தக் காலை வட்டப் பலகையில் நேராகத் திருகி மாட்டலாம். மூன்று காலும் ஒரு வட்டப் பலகையும் சேர்ந்தால் ஒரு ஸ்டூல். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். இன்று உலகம் முழுக்க கஃபேக்களிலும் லைப்ரரிகளிலும் பார்க்கிற அந்த மூணு கால் மர ஸ்டூல்களுக்கு மூத்தது இதுதான். இவற்றை விற்பதற்காகவே 1935இல் ஆல்டோ தம்பதி இரண்டு நண்பர்களோடு சேர்ந்து ஆர்டெக் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பிறகு அதை நடத்தியவர் ஐனோ.

நூலகம் போன எல்லை

அதே 1935இல் வீபுரி நகரத்தில் ஆல்டோவின் நூலகம் திறந்தது. சீலிங்கில் 57 வட்டத் துளைகள், ஒவ்வொன்றும் ஆழமான கூம்பு. வெளிச்சம் உள்ளே வரும், ஆனால் வெயில் நேராகப் புத்தகத்தில் விழாது. படிக்கிறவரின் கை நிழல்கூடப் பக்கத்தில் விழாது, ஏன்னா வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் வருகிறது. படுத்திருப்பவருக்குக் கேட்ட அதே கேள்வியை இங்கே படிக்கிறவருக்குக் கேட்டிருக்கிறார். சொற்பொழிவு அறையில் அலை அலையாக மர சீலிங், பின்வரிசைக்கும் குரல் போய்ச் சேர.

நாலே வருஷம். 1939 நவம்பர் 30இல் சோவியத் படை உள்ளே வந்தது. 1944இல் போர் ஓய்ந்தபோது வீபுரி ஃபின்லாந்துக்கு இல்லை. 4,00,000 பேருக்கும் மேல் அந்தக் கிழக்குப் பகுதியை விட்டுப் பெட்டி படுக்கையோடு வெளியேறினார்கள். நூலகம் எல்லைக்கு அந்தப்பக்கம் நின்றுபோனது. பத்து வருஷம் கேட்பாரற்றுக் கிடந்தது. பிறகு ரஷ்யர்கள் அதைப் பழுதுபார்த்து நூலகமாகவே பயன்படுத்தினார்கள். ரொம்பப் பின்னால் ஃபின்லாந்து, ரஷ்யா இரண்டு பக்கத்து ஆள்களும் சேர்ந்து அதை மீட்டெடுத்தார்கள். 2013இல் வேலை முடிந்தது. ஆல்டோ அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

போர் முடிந்த ஃபின்லாந்தில் வீடில்லாதவர்கள் லட்சக்கணக்கில். வடக்கே ரோவனியெமி நகரத்தைப் பின்வாங்கிய ஜெர்மன் படை எரித்துவிட்டுப் போயிருந்தது. அதன் மறுகட்டுமானத் திட்டத்தை ஆல்டோ வரைந்தார். சாலைகளின் அமைப்பு கலைமான் கொம்பு வடிவம். அந்தப் பனிப் பிரதேசத்தில் மனுஷனோடு சேர்ந்து வாழும் விலங்கு அது. வேகமாகக் கட்டணும் என்றால் எல்லா வீட்டையும் ஒரே அச்சில் வார்க்க வேண்டியிருக்கும். ஆனால் இயற்கையில் ஒரே மாதிரி செல்களிலிருந்து எத்தனை வகைச் செடி முளைக்கிறது! அதுபோல, பாகங்கள் ஒன்றாக இருக்கட்டும், வீடுகள் வேறு வேறாக இருக்கட்டும் என்பது அவர் பிடிவாதம்.

ஒரு ஹாஸ்டல்

நம்ம எல்லோருக்கும் பக்கத்து விஷயம் இது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆல்டோ சில காலம் பேராசிரியராக இருந்தார். அங்கே சார்லஸ் ஆற்றங்கரையில் மாணவர்களுக்கு ஒரு ஹாஸ்டல் கட்டச் சொன்னார்கள். ஹாஸ்டல்னா நமக்குத் தெரியும், நேர்க்கோட்டில் ஒரு காரிடார், இரண்டு பக்கமும் வரிசையாக அறை. ஆல்டோ அந்தக் கட்டடத்தையே பாம்பு மாதிரி நெளித்துவிட்டார். முன்னால் வண்டி போகும் ரோடு. ஜன்னல் ரோட்டை நேராகப் பார்க்காமல், சாய்வாக ஆற்றைப் பார்க்கும். பெரும்பாலான அறைகளுக்கு ஆறு தெரியும். நெளிவதால் அறைகளும் பல வடிவத்தில் வந்தன. செங்கல்லிலும் சூளையில் அதிகம் வெந்து கறுத்தது, கோணியது எல்லாவற்றையும் ஒதுக்காமல் சுவரில் சேர்த்துக் கட்டச் சொன்னார். 1949இல் மாணவர்கள் குடியேறினார்கள். பேக்கர் ஹவுஸ் என்ற பெயரில் இன்றும் அது ஹாஸ்டல்தான்.

அந்தக் கட்டடம் முடிகிற நேரத்தில் ஐனோ புற்றுநோயில் படுத்துவிட்டார். 1949 ஜனவரியில் இறந்தார். 25 வருஷம் ஒரே மேசையில் வேலை பார்த்தவர் போன பிறகு ஆல்டோ நிலைகுலைந்துபோனார். அமெரிக்க வாழ்க்கை முடிந்தது. அதே வருஷம், சைனாட்சலோ என்ற தீவில் ஒரு சின்ன தொழிற்சாலை ஊருக்கு மன்றம் கட்டும் வேலை கிடைத்தது. நடுவில் புல் முற்றம், சுற்றிலும் செங்கல் கட்டடம், மேலே உயர்ந்து நிற்கும் ஊர்ச் சபைக் கூடம். தேன்நிலவில் பார்த்த இத்தாலிய முற்றம் இத்தனை வருஷம் கழித்துப் பனி நாட்டில் வந்து உட்கார்ந்தது. மூவாயிரம் பேர் ஊருக்கு இவ்வளவு கம்பீரமான சபை எதற்கு என்று கேட்கலாம். சின்ன ஊர் மக்களுடைய முடிவும் முடிவுதான் என்பது அந்தக் கட்டடத்தின் பதில். அந்தக் கட்டுமானத்தைக் களத்தில் நின்று பார்த்துக்கொண்டவர் எலிசா என்ற இளம் ஆர்க்கிடெக்ட். 1952இல் ஆல்டோ அவரை மணந்தார்.

சென்னையிலிருந்து வந்த பதில்

இப்போ பைமியோவுக்குத் திரும்புவோம். 1943இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. தொடர்ந்து இன்னும் சில மருந்துகள். முதல்முறையாகக் கிருமியைப் பிடிக்க வழி வந்தது. ஆனால் டாக்டர்கள் பலர், மருந்து இருந்தாலும் சானடோரியத்தில் படுக்கவைத்தால்தான் குணமாகும் என்று நம்பினார்கள். காற்று, வெயில், ஓய்வு, நல்ல சாப்பாடு இல்லாமல் எப்படி?

இதற்கு உலகத்துக்குக் கிடைத்த முக்கியமான பதில்களில் ஒன்று நம்ம சென்னையிலிருந்து போனது. 1956இல் இங்கே காசநோய் மருந்து சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். நோயாளிகளை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவு சானடோரியத்தில், நல்ல உணவு, ஓய்வு, பராமரிப்போடு. இன்னொரு பிரிவு அவரவர் வீட்டில். நெருக்கடியான வீடு, சுமாரான சாப்பாடு. இரண்டு பிரிவுக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம். 1959இல் முடிவு வெளியானது. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு உடல் எடை கூடுதலாக ஏறியது. ஆனால் நோய் குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் கூட இருந்தவர்களுக்குத் தொற்றும் அதனால் கூடவில்லை. இதற்குப் பிறகு உலகம் முழுக்க சானடோரியங்களின் காலம் முடிய ஆரம்பித்தது. பைமியோவும் காசநோயாளிகள் குறைந்து பொது மருத்துவமனையாக மாறியது. வெயில் காய்ந்த பால்கனிகளை மூடி அறைகளாக்கினார்கள்.

அப்போ ஆல்டோ செய்தது வீணா? கட்டடம் நோயைக் குணப்படுத்தும் என்று நம்பித்தானே காட்டுக்குள் அவ்வளவு பெரிதாகக் கட்டினார்கள்?

நேர்மையாகப் பார்த்தால், கிருமியை அந்தக் கட்டடம் கொல்லவில்லை. திசையும் பால்கனியும் மொட்டைமாடியும் ஒரு மருத்துவ நம்பிக்கைக்காகக் கட்டப்பட்டவை. அந்த நம்பிக்கை பழசானதும் அவற்றுக்கு வேலை இல்லாமல்போனது. ஆனால் சத்தம் வராத வாஷ்பேசின் எந்த மருந்து வந்தாலும் பழசாகாது. கண்ணைக் குத்தாத விளக்கும், கோட்டில் மாட்டாத கைப்பிடியும், துடைக்க வசதியான அலமாரியும் அப்படியே. அவை காசநோய்க்காகச் செய்யப்பட்டவை இல்லை, உடம்பு முடியாமல் படுத்திருக்கிற மனுஷனுக்காகச் செய்யப்பட்டவை. நோய்கள் மாறும். படுத்திருப்பது மாறாது. அதனால்தான் அது வேறு மருத்துவமனையாக மாறிய பிறகும் அந்த அறைகள் வேலை செய்தன. ஆஸ்பத்திரி வடிவமைப்பு படிக்கிறவர்கள் இன்றும் பைமியோவை எடுத்துப் பார்ப்பதும் அதற்காகத்தான்.

வளைந்த பளிங்கு

ஆல்டோவைச் சாமியாக்க வேண்டியதில்லை. அவர் செய்ததெல்லாம் சரியாக வரவில்லை. கடைசிக்காலப் பெரிய வேலை, ஹெல்சின்கியில் 1971இல் திறந்த ஃபின்லாந்தியா அரங்கம். தனக்குப் பிடித்த இத்தாலியின் நினைவாக வெளிச்சுவர் முழுக்க வெள்ளைப் பளிங்கு பதித்தார். பளிங்கின் படிகங்கள் சூட்டில் எல்லாத் திசையிலும் ஒரே அளவு விரிவதில்லை. வருஷா வருஷம் குளிர், வெயில் என்று மாறி மாறி இழுபட்டு, மெல்லிய பலகைகள் அப்பளம் மாதிரி வளைந்துவிட்டன. 1990களின் கடைசியில் அத்தனையையும் மாற்றினார்கள். புதுசும் வளைந்தது. நோயாளியின் பாதச் சூட்டைக் கணக்குப்போட்டவர் கல்லின் சூட்டைக் கணக்குப்போடவில்லை. மெட்டீரியல் சயன்ஸ் எடுக்கிற பேராசிரியர்களுக்கு இது நல்ல உதாரணம்.

பரிசோதனை செய்வதற்கென்றே ஒரு இடமும் அவர் வைத்திருந்தார். மூராட்சலோ தீவில் தனக்காகக் கட்டிய கோடை வீட்டின் முற்றச் சுவரில் சுமார் 50 வகையாகச் செங்கல், ஓடு பதித்து, எது மழையிலும் பனியிலும் தாங்குகிறது, எது கண்ணுக்கு நல்லா இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர் வீட்டில் செய்வதற்கு முன் சொந்த வீட்டுச் சுவரில் செய்து பார்த்தார்.

1976 மே 11ஆம் தேதி ஹெல்சின்கியில் ஆல்டோ காலமானார். முடியாமல் இருந்த வேலைகளை எலிசா முடித்துக்கொடுத்தார். பிறகு ஃபின்லாந்து தன் 50 மார்க் நோட்டில் அவர் முகத்தை அச்சிட்டது. அவர் படித்த கல்லூரி, பிற்காலத்தில் அவரே திட்டமிட்ட ஓட்டானியெமி வளாகத்துக்கு இடம்பெயர்ந்திருந்தது. 2010இல் அது வேறு இரண்டு கல்வி நிறுவனங்களோடு இணைந்தபோது புதுப் பல்கலைக்கழகத்துக்கு ஆல்டோ பெயரையே வைத்தார்கள். அங்கே இப்போது என்ஜினியரிங் மாணவர்களும் படிக்கிறார்கள்.

ஆகவே நண்பர்களே, அடுத்த செமஸ்டரில் ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்ட், ஆப், வீல்சேர் எதை டிசைன் பண்ணினாலும் டிராயிங்கை முடித்ததும் ஒரு நிமிஷம் எடுத்துக்கோங்க. இதைப் பயன்படுத்தப்போகிறவர் அன்றைக்கு எந்த நிலையில் இருப்பார்? நிற்பாரா, படுத்திருப்பாரா, ராத்திரி ரெண்டு மணிக்குத் தூக்கம் வராமல் இருப்பாரா? பக்கத்துக் கட்டிலில் யார் இருப்பார்? அதற்கு உங்க டிராயிங்கில் பதில் இருக்கான்னு பார்த்துட்டு சப்மிட் பண்ணுங்க.